வாகைக்குளத்தில் அடுத்த விமானம் எப்போது?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு ஜனவரி முதல் வாரம் பிரசவம். டிசம்பர் 14 இரவு 11.10-க்குச் சென்னையில் கிளம்பி, சிங்கப்பூர் வழியாக மெல்போர்ன் போக மருமகன் டிக்கெட் எடுத்துவிட்டார். அன்று மாலை தூத்துக்குடியில் விமானம் ஏறினால் 6.40-க்குச் சென்னையில் இறங்கிவிடலாம், நாலரை மணி நேரம் கையில் இருக்கிறதே என்கிறார். அந்த டிக்கெட்டை இன்னும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதத்துக்கு முன் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் நடப்பார், படி ஏற முடியாது. என் தம்பி, 'சின்ன ஏர்போர்ட்டை நம்பாதே, பேசாமல் ரயிலில் போ' என்கிறான். புது டெர்மினல் கட்டிய பிறகும் தூத்துக்குடி சின்ன ஏர்போர்ட்தானா? நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

டீச்சர், மருமகன் சொல்கிற மாலை விமானம் வேண்டாம். விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 13-ஆம் தேதி காலை விமானத்தில் வாகைக்குளத்தில் இருந்து, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில் இருந்து, கிளம்புங்கள், அன்று ராத்திரி சென்னையில் தங்குங்கள், மறுநாள் இரவு நிதானமாகச் சிங்கப்பூர் விமானம் ஏறுங்கள். இதில் மருமகன் பேச்சும் பாதி நிற்கிறது, தம்பி பேச்சும் பாதி நிற்கிறது. அதனால் வீட்டில் சண்டை வராது.

மருமகன் போட்ட கணக்கில் தப்பில்லை. 6.40-க்கு இறங்கினால், பெட்டி வந்து, வீல்சேர் வந்து, உள்நாட்டு முனையத்தில் இருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய்ச் சேர எப்படியும் எட்டு மணி ஆகும். 11.10 விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். ஆக உங்கள் கையில் இருப்பது நாலரை மணி நேரம் அல்ல, இரண்டு மணி நேரம் சொச்சம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் அதுவே தாராளம்.

ஒழுங்காக நடக்காத நாளை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன். சென்னையில் இருந்து டெல்லிக்கு ஒரு விமானம் ரத்தானால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இன்னொன்று இருக்கும். வேறு கம்பெனி விமானமும் இருக்கும். காசு போகுமே தவிர ஊர் போய்ச் சேரலாம். வாகைக்குளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை விமானம் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாலை விமானம் ரத்தானால் அடுத்தது மறுநாள் காலைதான், அதிலும் இடம் இருக்குமா என்பது சந்தேகம். சின்ன நிலையம் என்றால் ஏ.டி.எம். இருக்காது, காபி நன்றாக இருக்காது என்றுதான் பலர் கவலைப்படுகிறார்கள். காபியை வீட்டில் இருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோய்விடலாம். அடுத்த விமானத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது.

இந்த டிக்கெட் ஏஜென்ட் தொழிலுக்கு வந்த புதிதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு சின்ன ஊரில் மாலை விமானத்துக்குக் காத்திருந்தேன். கவுன்டரில் இரண்டு பையன்கள். டிக்கெட் பார்த்ததும் அவர்கள்தான், பெட்டிக்குச் சீட்டு ஒட்டியதும் அவர்கள்தான், கொஞ்ச நேரம் கழித்து அறிவிப்பு செய்ததும் அதே குரல்தான். மேகம் தாழ இறங்கியிருந்தது. தலைக்கு மேலே விமானத்தின் சத்தம் கேட்டது, ஆனால் விமானம் தெரியவில்லை. இரண்டு முறை சுற்றியது. அப்புறம் சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது. விமானம் வந்த ஊருக்கே திரும்பிவிட்டது என்று பையன்களில் ஒருவன் வந்து சொன்னான். வெளியே வந்து பார்த்தால் டாக்சி எதுவும் இல்லை, எங்களை இறக்கிவிட்டு எல்லாம் போய்விட்டன. அன்று நான் பிடிக்க வேண்டிய அடுத்த விமானத்தின் டிக்கெட் பணம் போயே போய்விட்டது. மற்றவர்களுக்கு டிக்கெட் போடும்போது இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது.

சரி, புது டெர்மினல் கேள்விக்கு வருகிறேன். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்த கட்டடம் அது. சுமார் 450 கோடி ரூபாய் செலவு, 17,340 சதுர மீட்டர் பரப்பு. நெரிசல் நேரத்தில் 1,350 பேரையும் வருடத்துக்கு 20 லட்சம் பேரையும் கையாளும் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஓடுபாதை. முன்பு 1,350 மீட்டர்தான் இருந்தது. அதில் ஏ.டி.ஆர். போன்ற விசிறி வைத்த விமானங்கள்தான் இறங்க முடியும். இப்போது 3,115 மீட்டர். பெரிய ஜெட் வந்து இறங்க இனி ஓடுபாதை தடையில்லை. ஆனால் வருவதா இல்லையா என்பதை முடிவு செய்வது விமான நிறுவனம். அது கட்டடத்தைப் பார்த்து வராது, இருக்கை நிறையுமா என்று பார்த்துத்தான் வரும். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: கட்டடம் பெரியது, விமான எண்ணிக்கையில் இன்னும் சின்னதுதான்.

சின்ன நிலையங்களில் சேவை வருவதும் போவதும் வாடிக்கை. சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது, 2021-இல் நின்றது, மறுபடி வர 2023 அக்டோபர் ஆயிற்று. புதுச்சேரியில் 2024 மார்ச்சில் நின்ற சேவை அந்த வருடம் டிசம்பரில்தான் வேறு நிறுவனத்தின் கையில் திரும்ப வந்தது. பலாலியும் இப்படித்தான். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி பறந்தது. உடானில் அரசு மூன்று வருடம் நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் தரும். மூன்று வருடம் முடிந்ததும் பல தடங்கள் படுத்துவிடும். சில தடங்கள் அதுவரைகூடத் தாங்குவதில்லை. தூத்துக்குடி அப்படி உதவித்தொகையில் மட்டும் ஓடுகிற ஊர் இல்லை. துறைமுகம் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. ஆனாலும் நேரம் மாறும். விமானக் கால அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், மாறுவது உலக வழக்கம். நீங்கள் செப்டம்பரில் டிசம்பருக்கு டிக்கெட் எடுத்தால், நடுவில் அந்த அக்டோபர் ஞாயிறு வருகிறது. காலை விமானம் மதியமாக மாறலாம், இல்லாமலே போகலாம். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு முறை உங்கள் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தை ரத்து செய்தால், பயண நாளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது சொல்லி, மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி.

காலை விமானம் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சின்ன ஊர்களுக்கு வரும் ஏ.டி.ஆர். அந்த ஊரிலேயே ராத்திரி தங்குவது அபூர்வம். சென்னையிலோ பெங்களூரிலோ கிளம்பி ஒரு ஊருக்குப் போய்த் திரும்பும், உடனே அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பும், டவுன் பஸ் மாதிரி. காலையில் எங்கோ ஏற்பட்ட அரை மணி நேரத் தாமதம் மாலைக்குள் இரண்டு மணி நேரமாகிவிடும். காலை விமானத்துக்கு அந்தப் பழைய பாக்கி இருக்காது. காலை விமானம் வரவில்லை என்றால் மாலை விமானம் இருக்கிறது, அதுவும் இல்லை என்றால் ராத்திரி ரயில் இருக்கிறது. மாலை விமானத்தை நம்பியவருக்கு அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அதோடு உங்கள் பயணம் டிசம்பர் நடுவில். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி விமானங்கள் ரத்தாயின, சாலை துண்டானது, திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. ரயில்தான் பத்திரம் என்கிற உங்கள் தம்பிக்கு இதை ஞாபகப்படுத்துங்கள். அப்படிப்பட்ட மழையில் எதுவும் ஓடாது. அதனால் 11, 12 தேதிகளில் வானிலை மையம் நம் மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், 13-க்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே கிளம்பிவிடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே தேதி மாற்ற எவ்வளவு கட்டணம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நூறு, இருநூறு ரூபாய் குறைவு என்று மாற்றவே முடியாத டிக்கெட்டை எடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் மருமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெல்போர்ன் டிக்கெட் தனி, தூத்துக்குடி டிக்கெட் தனி என்று இருக்கும்போது, முதல் விமானம் தாமதமாகி நீங்கள் இரண்டாவதைத் தவறவிட்டால் யாருக்கும் பொறுப்பு கிடையாது. சிங்கப்பூர் விமானக்காரரைப் பொறுத்தவரை நீங்கள் 'வராத பயணி'. தூத்துக்குடி விமானக்காரர் உங்களைச் சென்னையில் விட்டால் அவர் வேலை முடிந்தது. தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால், இந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய் அல்லது எரிபொருள் கட்டணம் சேர்ந்த அடிப்படைக் கட்டணம், இதில் எது குறைவோ அது நஷ்ட ஈடு. மழை, மேகம் போன்ற காரணம் என்றால் அந்த நஷ்ட ஈடும் கிடையாது. மெல்போர்ன் டிக்கெட் விலைக்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு? ஒரு ராத்திரி பல்லாவரத்திலோ மீனம்பாக்கத்திலோ லாட்ஜில் தங்குகிற செலவுதான் உங்களுக்கு உண்மையான காப்பீடு.

உங்கள் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. ஆனால் இதைப் படிக்கும் மற்ற நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்து கடைசி இடம் வரை ஒரே டிக்கெட்டாக எடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மதுரையில் இருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் விமானம் இருக்கிறது, கொழும்பில் இருந்து அதே நிறுவனம் மெல்போர்னுக்கும் பறக்கிறது. பாளையங்கோட்டையில் இருந்து மதுரை விமான நிலையம் நாலுவழிச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள். ஒரே டிக்கெட் என்றால் மதுரையில் போட்ட பெட்டியை மெல்போர்னில் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. எல்லோரும் சென்னை, சென்னை என்று ஓடுவது பழக்கத்தால்தான்.

அடுத்து சாரின் முழங்கால். சின்ன நிலையம் என்றால் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட்டில் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வீல்சேரில் மூன்று வகை இருக்கிறது. தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்பவருக்கு ஒன்று. படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார் என்பவருக்கு இன்னொன்று. நடக்கவே முடியாதவருக்கு மூன்றாவது. கணினியில் இவற்றின் குறியீடுகள் ஆர், எஸ், சி என்று முடியும். ஏஜென்ட்டுகள் யோசிக்காமல் முதல் வகையைத் தட்டிவிடுவார்கள், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். சென்னை, சிங்கப்பூர் மாதிரி இடங்களில் ஏரோபிரிட்ஜ், அதாவது முனையத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் நடைபாலம், வழியாக நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள் என்பதால் பல நேரம் வித்தியாசம் தெரியாது. ஏ.டி.ஆர். அப்படி இல்லை. அதற்கு ஏரோபிரிட்ஜ் பொருந்தாது. தரையில் நின்று விமானத்தோடு வரும் குறுகலான படிகளில்தான் ஏற வேண்டும். நாலைந்து படிதான், ஆனால் சாருக்கு அந்த நாலைந்துதானே பிரச்சினை? அதனால் 'எஸ்' வகை வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். அப்போதுதான் சாய்தளம் வைப்பார்கள், அல்லது ஒடுக்கமான நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் பிடித்து ஏற்றுவார்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சின்ன நிலையத்தில் ஆள் குறைவு, அதனால் முந்தின நாள் இன்னொரு முறை போன் செய்து உறுதி செய்துகொள்வது நல்லது. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்பதால் இரண்டு நிறுவனத்திடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றில் சொன்னது மற்றதற்குப் போகாது.

இருக்கை எங்கே கேட்பது? முழங்கால் பிரச்சினை என்றதும் முன்வரிசையைக் காசு கொடுத்து எடுப்பார்கள். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறுகிற கதவு பின்னால் இருக்கிறது, முன்னால் இருப்பது பெட்டி வைக்கும் இடம். முன்வரிசை என்றால் ஒடுக்கமான நடைபாதையில் விமானத்தின் முழு நீளத்தையும் சார் நடந்து கடக்க வேண்டும். பின்வரிசைகளில், நடைபாதை ஓரமாகக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான், அதனால் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்காரலாம், நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது.

சென்னையில் இறங்கும்போதும் ஏ.டி.ஆர். தள்ளித்தான் நிற்கும். அங்கிருந்து முனையத்துக்குப் பஸ். அந்தப் பஸ்ஸில் ஏறவும் உதவி வேண்டும் என்று விமானத்துக்குள்ளேயே பணிப்பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். எல்லோரும் இறங்கின பிறகு கடைசியாகத்தான் உங்களை இறக்குவார்கள். அதற்கு இருபது நிமிடம் ஆகும், எரிச்சல் வேண்டாம். அப்புறம், மாற்று மூட்டு உலோகம் என்பதால் பாதுகாப்புச் சோதனையில் கருவி கத்தும். கையால் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், நாலு நாளைக்குச் சேர்த்து.

பெட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ. ஆஸ்திரேலிய டிக்கெட்டில் அதைவிட எவ்வளவோ அதிகம் அனுமதித்திருப்பார்கள். டிக்கெட் தனித்தனி என்பதால் தூத்துக்குடி கவுன்டரில் 15 கிலோ கணக்குதான் செல்லும். அதிக எடைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் கட்டினால் கவுன்டரில் கட்டுவதைவிடக் குறைவு. ஏ.டி.ஆரின் தலைக்கு மேல் இருக்கும் அறையும் சின்னது. பெரிய ஜெட்டில் நுழையும் கைப்பெட்டி அதில் நுழையாமல் வாசலிலேயே வாங்கிப் பெட்டி வைக்கும் இடத்தில் போட்டுவிடுவார்கள். மருந்தும் பாஸ்போர்ட்டும் அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும். மகளுக்குப் பிரசவ லேகியம், பருப்புப்பொடி, நெய் என்று கட்டுவீர்கள், தெரியும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது தருகிற அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம். தூத்துக்குடி மக்ரூன் வாங்குவதாக இருந்தால் அதையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் மெல்போர்னில் மாவாகத்தான் இறங்கும்.

டிக்கெட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? இதை எல்லோரிடமும் கேட்கிறேன். மருமகன் எடுத்தால் மருமகன் நம்பர்தான் இருக்கும். விமானம் தாமதம், ரத்து என்று குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். டிசம்பரில் மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். இங்கே ராத்திரி பத்து மணிக்கு வருகிற செய்தி அங்கே விடியற்காலை மூன்றரைக்கு, அவர் தூங்கும்போது போய்ச் சேரும். நீங்கள் காலையில் குளித்துக் கிளம்பி வாகைக்குளம் போன பிறகுதான் தெரியவரும். இரண்டு டிக்கெட்டிலும் உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

விமான நிலையத்துக்குப் போகிற வாடகைக் காரை உங்களை இறக்கிவிட்டதும் அனுப்பிவிட வேண்டாம். நீங்கள் விமானத்தில் ஏறும் வரை பக்கத்தில் நிற்கச் சொல்லி டிரைவரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இருநூறோ முந்நூறோ கூடக் கேட்பார், கொடுங்கள். விமானம் வரவில்லை என்றால் முழங்கால் சரியில்லாதவரையும் நாலு பெட்டியையும் வைத்துக்கொண்டு தூத்துக்குடி நெடுஞ்சாலையில் வண்டி தேடுவது பெரும்பாடு. கிளம்புவதற்கு முன் வீட்டில் யாராவது பிள்ளைகளிடம், விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24 செயலியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களை ஏற்றிக்கொண்டு போகும் விமானம் முதலில் சென்னையில் இருந்து வர வேண்டும் அல்லவா? அது அங்கே கிளம்பிவிட்டதா என்று அதில் தெரியும். விமானக் கம்பெனி சொல்வதற்கு முன்பே பல நேரம் இது சொல்லிவிடும்.

சொல்ல மறந்துவிட்டேன். ஆன்லைனில் எடுத்தால் ஊர்க் குறியீட்டைப் பாருங்கள். தூத்துக்குடிக்கு டி.சி.ஆர்., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி., திருப்பதிக்கு டி.ஐ.ஆர். அவசரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். தூத்துக்குடி என்று நினைத்துத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

திரும்பி வரும்போதும் இதே கணக்குதான், ஆனால் அவசரம் இல்லாத கணக்கு. சென்னையில்தான் குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம். பெட்டியை அங்கே எடுத்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கே கடைசி தூத்துக்குடி விமானத்தைப் பிடிக்கப் பார்க்காமல் மறுநாள் வாருங்கள். வரும்போது பேரப்பிள்ளை போட்டோ பார்த்துக்கொண்டே எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பீர்கள், அது வேறு விஷயம்.

கடைசியாகத் தம்பி பேச்சு. ரயிலையே முதல் வழியாக வைக்க நான் சொல்ல மாட்டேன். வந்தே பாரத்தில் காலை ஆறு மணி சுமாருக்கு ஏறினால் மதியம் தாம்பரத்தில் இறங்கிவிடலாம், எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இருந்து விமான நிலையம் பக்கம். ஆனால் சார் ஏழு மணி நேரம் சுமாருக்கு முழங்காலை மடக்கி உட்கார வேண்டும், ஸ்டேஷனில் வீல்சேருக்கும் போர்ட்டருக்கும் நீங்களே அலைய வேண்டும். ஆனால் ரயிலை மாற்று வழியாகக் கையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். 13-ஆம் தேதி காலை விமானமும் மாலை விமானமும் போய்விட்டால், அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி 14 காலை தாம்பரத்தில் இறங்கலாம். சிங்கப்பூர் விமானம் இரவு 11.10-க்குத்தானே? முழு நாளும் கையில் இருக்கும். அதற்கு ஏ.சி.யில் இரண்டு இடம், ஒன்று கீழ்ப் படுக்கையாக, முன்பதிவு திறந்ததுமே எடுத்து வையுங்கள். விமானத்தில் சென்னை போய் இறங்கியதும் ரத்து செய்துவிடலாம், கொஞ்சம் பணம் பிடிப்பார்கள், போகட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. டிசம்பர் 13-க்கு அக்டோபர் 14, காலை எட்டு மணி. அந்த வேலையைத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள்.